கழிவு யாருடைய கணக்கில்?

2015-ஆம் ஆண்டின் இறுதியில் பிபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சி பிரிட்டனில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. சமையல் கலைஞர் ஹியூ ஃபெர்ன்லி-விட்டிங்ஸ்டால், இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு பண்ணைக்குச் சென்றிருந்தார். அங்கே பார்ஸ்னிப் கிழங்குகள் குன்றாகக் குவிந்து கிடந்தன. கேரட்டின் வடிவமும் வெளிர் நிறமும் கொண்ட அந்தக் கிழங்குகளில் அழுகலும் இல்லை, பூச்சியும் இல்லை. சில சற்றே தடித்திருந்தன, சில மெலிந்திருந்தன, சிலவற்றின் மேல் ஒரு தழும்பு. பேரங்காடி வகுத்துத் தந்த அளவுக்குள் அவை அடங்கவில்லை. அது ஒன்றே அவற்றின் குற்றம். இனியும் இந்தப் பயிரைத் தொடர முடியுமா என்று அந்த உழவர் குடும்பம் கலங்கி நின்றது.

அந்தக் குவியலைப் பார்த்த பலரும் 'பேரங்காடி உணவை வீணாக்குகிறது' என்றார்கள். ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் அந்தப் பேரங்காடியின் பக்கத்தில் ஒரு கிழங்கும் இருக்காது. அது அதை வாங்கவே இல்லை. வாங்காத பொருளை எப்படி வீணாக்க முடியும்? இந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தச் சிக்கலை அணுக வேண்டும் என்பது என் கருத்து.

பிரிட்டனில் உணவு விரயத்தை அளந்துவரும் 'ராப்' என்ற அமைப்பின் மதிப்பீடுகள், பண்ணையைத் தாண்டிய பிறகு ஓராண்டில் ஏறத்தாழ 95 லட்சம் டன் உணவு வீணாவதாகக் காட்டின. அதில் வீடுகளின் பங்கு 66 லட்சம் டன். சில்லறை விற்பனைக் கடைகளின் பங்கு சுமார் 3 லட்சம் டன் மட்டுமே. 'எங்கள் பங்கு மூன்று விழுக்காடு. முதலில் வீட்டுச் சமையலறைகளைத் திருத்துங்கள்' என்று பேரங்காடிகள் சொல்வதற்கு இதுவே ஆதாரம். ஆனால் 2019-இல் அதே அமைப்பு பண்ணைகளையும் கணக்கிட்டது. அங்கே வீணாவதும் உபரியாக வேறு வழிக்குத் திருப்பப்படுவதும் சேர்ந்து ஆண்டுக்கு 36 லட்சம் டன். மொத்த விளைச்சலில் 7.2 விழுக்காடு, மதிப்பு 120 கோடி பவுண்ட். இதில் 16 லட்சம் டன் முற்றிலும் வீண். எஞ்சியது பெரும்பாலும் கால்நடைத் தீவனம் போன்ற வழிகளுக்குச் சென்றது. கடைகளில் வீணாவதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் பண்ணைகளில் வீணாகிறது.

இந்த 16 லட்சம் டன்னுக்கும் பேரங்காடிகளே பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. மழை, உறைபனி, நோய், கூலியாள் பற்றாக்குறை என்று காரணங்கள் பல. ஆனால் அதில் ஒரு பகுதி, வாங்கும் முறையிலேயே உருவாக்கப்படுகிறது. அது எப்படி நடக்கிறது என்பதுதான் பொதுவாகப் பேசப்படாத செய்தி.

ஒரு காலிஃபிளவர் உழவரை எடுத்துக்கொள்வோம். நாற்று நடும் மாதங்களில் பேரங்காடியோ அதன் இடைநிலை நிறுவனமோ ஒரு உத்தேச அளவைச் சொல்கிறது. அது உறுதிமொழி அல்ல, முன்கணிப்பு. உறுதியான கொள்முதல் ஆணை வருவதோ அறுவடைக்கு முந்தைய நாளில், சில வேளைகளில் அன்று காலையில். ஆணையில் குறிப்பிட்ட அளவைத் தர முடியாமல் போனால் உழவருக்குத் தண்டத் தொகை விதிக்கப்படலாம். அடுத்த பருவம் அவர் பெயர் பட்டியலில் இல்லாமலும் போகலாம். ஆகவே நூறு டன் கேட்கப்படும் என்று எதிர்பார்க்கும் உழவர், எவ்வளவு மோசமான பருவத்திலும் நூறு டன் தேறும்படி நூற்றிருபது, நூற்று முப்பது டன்னுக்குப் பயிரிடுகிறார். பருவம் நன்றாக அமைந்துவிட்டால் மிஞ்சியது வயலிலேயே உழப்படுகிறது. ஊரில் குளிரடித்து, யாரும் காய்க்கலவை உண்ண விரும்பாத ஒரு வாரத்தில் பேரங்காடி தன் ஆணையைப் பாதியாகக் குறைத்தால், அந்தப் பாதியும் வயலில்தான்.

நிதிச் சந்தையில் ஒரு பொருளைக் குறித்த விலைக்கு வாங்கவோ வாங்காமல் விடவோ உரிமை வேண்டுமென்றால், அதற்கு முன்பணம் கட்டியாக வேண்டும். முதுகலை மாணவர்களுக்கு இதை விளக்கச் சூத்திரங்களால் கரும்பலகையை நிரப்பியிருக்கிறேன். பேரங்காடிகளுக்கோ அந்த உரிமை இலவசமாகக் கிடைக்கிறது. தேவை கூடினால் வாங்கலாம், குறைந்தால் விடலாம்; விட்டதன் செலவு வேறொருவருடையது. இலவசமாகக் கிடைக்கும் எதுவும் தேவைக்கு மேல் பயன்படுத்தப்படும் என்பது பொருளாதாரத்தின் அரிச்சுவடி. வயலில் அழுகும் காலிஃபிளவர், அந்த இலவச உரிமையின் விலை. பேரங்காடி மேலாளர்கள் கொடியவர்கள் என்பதல்ல இதன் பொருள். நானே அந்த நாற்காலியில் இருந்தாலும், எனக்குச் செலவில்லாத ஒரு வசதியை மறுக்க என் மேலதிகாரி அனுமதிக்க மாட்டார்.

தோற்ற அளவுகோல்களையும் இந்தக் கோணத்திலேயே பார்க்க வேண்டும். 'வளைந்த வெள்ளரியை வாடிக்கையாளர் வாங்குவதில்லை' என்பது நெடுநாள் வாதம். வெள்ளரி எவ்வளவு வளையலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1988-இல் விதி வகுத்ததை உலகமே கேலி செய்தது. 2009 ஜூலையில் அந்த விதியும், மேலும் பல காய்கனிகளுக்கான தோற்ற விதிகளும் நீக்கப்பட்டன. வயல்களில் பெரிய மாற்றம் நிகழவில்லை. அரசின் விதி போனாலும் பேரங்காடிகளின் தனியார் விதி அப்படியே இருந்தது. பிறகு 2012 வந்தது. பிரிட்டனில் அவ்வாண்டு வறட்சியும் அடைமழையும் மாறிமாறி விளைச்சலைச் சிதைத்தன. செயின்ஸ்பரிஸ் உள்ளிட்ட பேரங்காடிகள் வடிவம் கோணிய காய்கனிகளையும் வாங்கி விற்கப்போவதாக அறிவித்தன, விற்றன. மக்களும் வாங்கிச் சமைத்தார்கள்.

ஆக, அளவுகோல் என்பது கல்லில் செதுக்கிய வாடிக்கையாளர் ரசனை அல்ல. பற்றாக்குறை வந்தால் தளர்கிறது. மிகுதி வந்தால் இறுகுகிறது. அப்படி இறுகும்போது, 'எங்களுக்கு இந்த வாரம் இவ்வளவு வேண்டாம்' என்று சொல்லி ஒப்பந்தத்தை மீறுவதற்குப் பதிலாக, 'உங்கள் சரக்கு தரமில்லை' என்று சொல்லிவிடலாம். முந்தையதில் பழி வாங்குபவர்மேல் விழும். பிந்தையதில் அது விளைவித்தவர்மேல் விழுகிறது.

இந்த ஏற்பாட்டின் ஒரு முனையை நான் நேரில் கண்டிருக்கிறேன். என்னிடம் ஆய்வு செய்த மாணவர் ஒருவருடன் திண்டுக்கல் பகுதியில் ஊறுகாய் வெள்ளரி பயிரிடும் ஊர்களுக்குச் சென்ற காலம் அது. இங்கே யாரும் உண்ணாத காய் அது. ஏற்றுமதி நிறுவனங்கள் ஒப்பந்த முறையில் விளைவித்து வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றன. காய் எவ்வளவு சிறியதோ அவ்வளவு விலை. பெருத்துவிட்டால் அடிமாட்டு விலை, அதற்கும் மேல் போனால் விலையே இல்லை. ஒரே இரவில் பெருத்துவிடும் காய் என்பதால் குடும்பமே விடிவதற்கு முன் வயலில் இருக்கும். உழவர் ஒருவர் தம் கொள்முதல் அட்டையைக் காட்டினார். ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு கட்டம், எடை, தொகை. திருப்பி அனுப்பப்பட்ட காய் எத்தனை கிலோ என்று கேட்டேன். 'அதை யாருங்க சார் எழுதுவாங்க? மாடு தின்னுடும்' என்றார். மாணவரின் ஆய்வேட்டில் அந்த ஓர் எண்ணுக்காக நாங்கள் இரண்டு பருவம் அலைந்தோம், கிடைக்கவில்லை.

கென்யாவின் பீன்ஸ் கதை இதைவிட அறியப்பட்டது. ஐரோப்பியப் பேரங்காடிகளுக்கென அங்கே விளையும் பிஞ்சு பீன்ஸ், பொதியின் நீளத்துக்கு ஏற்ப இரு நுனிகளும் நறுக்கப்பட்டு அடுக்கப்படும். நறுக்கப்பட்ட துண்டுகளும், வளைந்தவையும், நீளம் போதாதவையும் கழிவு. உணவு விரயத்துக்கு எதிராக இயங்கும் 'ஃபீட்பேக்' அமைப்பின் நிறுவனர் டிரிஸ்டிராம் ஸ்டூவர்ட் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 2013 பிப்ரவரியில் நைரோபியில் உள்ள ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் தலைமையகத்தில், இப்படிக் கழிக்கப்பட்ட காய்கனிகளைக் கொண்டே பல நாட்டு அமைச்சர்களுக்கு விருந்து பரிமாறப்பட்டது. பின்னர் டெஸ்கோ நிறுவனம், பீன்ஸின் ஒரு நுனியை மட்டும் நறுக்கினால் போதும் என்று விதியை மாற்றிக்கொண்டது. யாருக்கும் ஒரு காசு செலவில்லாத மாற்றம். அதற்கு ஒருவர் இங்கிலாந்திலிருந்து கென்யா சென்று, படம் பிடித்து, நிறுவனத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

இதே டெஸ்கோதான் 2013-இல் தன் விரயக் கணக்கைத் தானே வெளியிட்ட பெரிய பேரங்காடி என்பதையும் சொல்ல வேண்டும். அவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களில் தன் கடைகளிலும் பண்டகசாலைகளிலும் 28,500 டன் உணவு வீணானதாக அது அறிவித்தது. பையில் அடைத்து விற்கும் கீரைக் கலவையில் வயல் முதல் வீடு வரை 68 விழுக்காடு வீணாவதாகவும் அதன் ஆய்வு காட்டியது. பெரிய பைகளை 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற வகையில் விற்பதை நிறுத்தப்போவதாகவும் அறிவித்தது. வீட்டில் வீணாவது வீட்டாரின் பிழை மட்டும்தானா என்ற கேள்விக்கு இதில் ஒரு விடை இருக்கிறது. கணக்கை வெளியிட்டதும் விற்பனை முறை மாறியது. அளக்கப்படாத இடத்தில் அப்படி எந்த நெருக்குதலும் எழுவதில்லை.

இனி, நெருக்குதல் எங்கே கொடுக்கப்பட வேண்டும் என்பதற்கு வருகிறேன். உலகம் முழுவதும் பாராட்டப்பட்டது பிரான்ஸின் வழி. 2016 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் விற்காத உணவை அறக்கட்டளைகளுக்கு வழங்க ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்றது. உண்ணத்தக்க உணவை வேண்டுமென்றே பாழாக்கினால் 3,750 யூரோ அபராதம் என்றும் அப்போது அது வகுத்தது. குப்பைத் தொட்டியில் கிடக்கும் உணவை ஏழைகள் எடுத்துவிடாதபடி அதன்மேல் பிளீச்சிங் திரவம் ஊற்றிய கடைகள் இருந்த நாட்டில் இது ஓர் ஒழுக்கச் சீர்திருத்தம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் பொருளாதாரக் கண்ணுடன் பார்த்தால், அந்தச் சட்டம் தொடங்குவது சரக்கு கடைக்குள் வந்த பிறகு. வயலில் உழப்பட்ட காலிஃபிளவரை அது தொடுவதில்லை. நன்கொடையாகத் தரப்படும் உணவின் மதிப்பில் 60 விழுக்காட்டுக்கு வரிச்சலுகை உண்டு என்பதால், மிகையாக வாங்கி அடுக்கும் பழக்கத்துக்கும் பெரிய தடை எழவில்லை. பசித்தவருக்கு எஞ்சியதைத் தருவது வேறு. எஞ்சாமல் வாங்குவது வேறு. முன்னதை வைத்துப் பின்னதைச் செய்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளும் விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்குச் சலிப்பே மேலிடுகிறது.

பிரிட்டன் வேறு திசையில் சென்றது. அங்கே நோக்கம் உணவு விரயமே அல்ல, சந்தைப் போட்டி. 2008-இல் போட்டி ஆணையம் தன் நீண்ட விசாரணையின் முடிவில், பெரிய பேரங்காடிகள் தம் இடர்களையும் எதிர்பாராச் செலவுகளையும் வழங்குவோர்மேல் சுமத்துகின்றன என்று கண்டது. அதன்படி வகுக்கப்பட்ட நடத்தை விதித்தொகுப்பு 2010 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்கணிப்புப் பிழையால் வழங்குவோருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்வது பற்றிய விதியும் அதில் உண்டு. அதைக் கண்காணிக்க 2013-இல் சட்டப்படி ஒரு நடுவர் நியமிக்கப்பட்டார். அந்நடுவரின் முதல் பெரிய விசாரணை, டெஸ்கோ வழங்குவோருக்குரிய பணத்தைத் தெரிந்தே தாமதப்படுத்தியது என்று 2016 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அபராதம் விதிக்கும் அதிகாரம் அதற்குப் பிந்தியே வந்ததால், அந்தச் செயல்களுக்கு அபராதம் இல்லை. இன்று ஆண்டு விற்றுமுதலில் ஒரு விழுக்காடு வரை அவர் விதிக்கலாம்.

விரயம் என்ற சொல்லையே முன்வைக்காத இந்த ஏற்பாடு, பிரான்ஸின் சட்டத்தைவிட நோயின் வேருக்கு அருகில் இருக்கிறது என்பது என் மதிப்பீடு. அதன் பெருங்குறை வேறு. பேரங்காடிக்கு நேரடியாக விற்பவருக்கு மட்டுமே அதன் பாதுகாப்பு. பெரும்பாலான காய்கனி உழவர்கள் விற்பதோ பொதிகட்டும் கூடங்களுக்கும் இடைநிலை நிறுவனங்களுக்கும். பேரங்காடி ஆணையைக் குறைத்தால், இடைநிலை நிறுவனம் அதே குறைப்பை அப்படியே கீழே தள்ளிவிடும். விதித்தொகுப்பு அந்த இரண்டாம் படியை எட்டுவதில்லை. எட்டும் இடத்திலும் புகார் கொடுக்க அஞ்சுபவர்கள் உண்டு. நாட்டின் மளிகை வணிகத்தில் பெரும்பகுதி சில நிறுவனங்களின் கையில் இருக்கும்போது, அவற்றில் ஒன்றைப் பகைத்துக்கொள்ள எந்த உழவருக்குத் துணிவு வரும்?

இவ்வகையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறையே இதுவரை வந்தவற்றுள் கூர்மையானது. விரைவில் கெடும் பொருள்களுக்கு 30 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். 30 நாள்களுக்குக் குறைவான அவகாசத்தில் ஆணையை ரத்து செய்யக் கூடாது. வாங்கியவரின் இடத்தில் வழங்கியவரின் பிழையின்றிக் கெட்டுப்போன சரக்கின் செலவை வழங்கியவரிடம் கேட்கக் கூடாது. விநியோகச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும், தன்னைவிடப் பெரிய நிறுவனத்துக்கு விற்கும் சிறிய நிறுவனத்துக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. இலவசமாக இருந்த உரிமைக்கு இப்போது ஒரு வரம்பு வந்திருக்கிறது. வாங்குவோர், விற்போர் இருவரில் ஒருவர் ஒன்றியத்துக்குள் இருந்தாலே நெறிமுறை பொருந்தும் என்பதால், திண்டுக்கல் வெள்ளரியை ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஏற்றுமதியாளரும் கொள்கையளவில் இதன் நிழலில் வருகிறார். அவருக்கு விற்கும் உழவர் வருவதில்லை. அந்த இருவருமே ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்கள்.

ஆனால் அதே ஒன்றியம் 2025-இல் உணவு விரயத்துக்குக் கட்டாய இலக்கு வகுத்தபோது பண்ணையை விட்டுவிட்டது. 2030-க்குள் பதப்படுத்தும் தொழிலில் 10 விழுக்காடும், கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகியவற்றில் தலைக்கு 30 விழுக்காடும் குறைக்க வேண்டும். உழவு மட்டத்துக்கு இலக்கு இல்லை. அறுவடை செய்யப்படாமல் உழப்பட்ட பயிர் அங்குள்ள சட்ட வரையறைப்படி 'உணவு' என்றே கருதப்படுவதில்லை. வரையறையில் இல்லாதது விரயத்திலும் இல்லை.

இங்கே எதிர்வாதங்கள் இரண்டை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கையும் உலகில் 2022-இல் வீணான 105 கோடி டன் உணவில் 60 விழுக்காடு வீடுகளில்தான் என்கிறது. உண்மை. ஆனால் கோடிக்கணக்கான வீடுகளின் பழக்கத்தை மாற்ற எளிய நெம்புகோல் அரசிடம் இல்லை; ஒரு நாட்டின் பேரங்காடிகளின் கொள்முதல் துறைத் தலைவர்களை ஓர் அறைக்குள் உட்கார வைத்துவிடலாம். பங்கு எவ்வளவு என்பதோடு, மாற்றும் ஆற்றல் யாரிடம் என்பதையும் பார்க்க வேண்டும்.

மற்றொன்று வலுவானது. ரத்து செய்யும் உரிமைக்கு விலை வைத்தால், பேரங்காடி குறைவாக ஆணையிடும் அல்லது உழவருக்குத் தரும் விலையைக் குறைத்து அந்தச் செலவை ஈடுகட்டும் என்பது அது. ஓரளவுக்கு நடக்கும். உறுதியான கொள்முதலுக்கு ஈடாக உழவர் சற்றுக் குறைந்த விலையை ஏற்கக்கூடும். காப்பீட்டுக்குத் தவணை கட்டுவது போன்றது அது. விற்காத முப்பது டன்னுக்கு விதை, உரம், நீர், கூலி என்று இன்று அவர் செலவிடுவது மிச்சமானால், அந்தக் குறைந்த விலையிலும் அவர் மேல்நிலையிலேயே இருப்பார். பேரங்காடி குறைவாக ஆணையிட்டால், மாலையில் அலமாரியின் ஓர் ஓரம் வெறுமையாக இருக்கும். இருக்கட்டும் என்கிறேன். கடை மூடும் வேளையிலும் எல்லா ரகமும் நிறைந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுத்தது கடைதான்.

பேரங்காடிகள் முற்றிலும் தீங்கு என்று நான் கருதுபவன் அல்லன். போதிய குளிர்பதனச் சங்கிலி இல்லாத நம் நாட்டில் விரயத்தின் காரணமே வேறு. அறுவடையிலும் அதற்குப் பின்னும் தக்காளியில் 12.44 விழுக்காடும் கொய்யாவில் 15.88 விழுக்காடும் இழக்கப்படுவதாக லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப்பின் தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் மதிப்பிட்டது. இங்கே வாங்குபவரின் ஒழுங்கின்மையைவிடக் கிடங்கின் இன்மையே பெரிய சிக்கல். ஒழுங்கமைந்த சில்லறை வணிகம் வளரும்போது கிடங்கும் குளிர்பதனமும் வரும். கூடவே முன்கணிப்பும் கடைசி நேர ரத்தும் தோற்ற அளவுகோலும் வரும். ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. 2019-இல் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. அதன் கீழ் பதிவாகும் ஒப்பந்தங்களில், ஏற்கப்பட்ட சரக்கோடு மறுக்கப்பட்ட சரக்கின் எடையையும் காரணத்தையும் எழுதும் கட்டம் ஒன்றைச் சேர்ப்பதற்குப் பெரும் செலவு ஆகாது.

பிரிட்டனிலும் போராட்டம் இப்போது அந்தக் கட்டத்தைப் பற்றியதுதான். பெரிய நிறுவனங்கள் தம் உணவு விரயத்தைக் கட்டாயமாக வெளியிட வேண்டுமா என்று 2022-இல் அரசு கருத்துக் கேட்டது. 2023 ஜூலையில், விலைவாசி உயரக்கூடும் என்று சொல்லி, தன்னார்வ முறையே தொடரட்டும் என்றது. ஃபீட்பேக் அமைப்பு நீதிமன்றத்தை நாட முனைந்ததும் அந்த முடிவைத் திரும்பப் பெற்று மறுபரிசீலனைக்கு ஒப்புக்கொண்டது. கட்டாய அறிக்கை வரும்போது அதில் கடையின் குப்பைத் தொட்டி மட்டும் இடம்பெறுமா, வாங்குவதாகச் சொல்லி வாங்காமல் விட்ட டன்களும் இடம்பெறுமா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். முன்கணிப்பு எவ்வளவு, இறுதி ஆணை எவ்வளவு என்ற இரண்டு எண்களும் ஒவ்வொரு பேரங்காடியின் கணினியிலும் ஏற்கெனவே இருக்கின்றன.